நானூற்றுப் பன்னிரண்டு பேரின் எடை

நகராட்சி ஊழியர்கள் கூட்டாகப் பேரம் பேசக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்த மறுநாள் காலை, ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள கயிற்றுக்காரி தன்னந்தனியாக ஏறியதும், நகராட்சிக் கட்டடத்தின் லிஃப்ட் ஆள் அதிகம் என்று மணியடித்து நின்றுவிட்டது. லிஃப்ட்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து, "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று விசாரித்தார். அவள் படியேறினாள். பதினாறு படிகளில் விரிசல் விட்டது. மூன்றாம் மாடியில் ஆணையருக்கு எதிரே அவள் உட்கார்ந்த நாற்காலி நொறுங்கியது, மாற்று நாற்காலியும் நொறுங்கியது, கட்டடம் பூமிக்குள் நாலு விரற்கடை இறங்கியது. அன்றைய பதிவேட்டில் நாற்காலிகளை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

கயிற்றுக்காரிக்குப் பாதாளச் சாக்கடைப் பிரிவில் வேலை. அவளுடைய தம்பி குழிக்குள் இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே நிற்பாள். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது, ஊழியர் சங்கம் பதினோரு வருடம் பேசிப் பேசி, இரண்டு ஆணையர்களுக்கு இரத்தக் கொதிப்பு வரவழைத்து வாங்கிய விதி. புதிய சட்டம் சங்கத்தைப் பூட்டியது, பழைய ஒப்பந்தங்களைக் குப்பையில் போட்டது. இனி அவரவர் தனித்தனியாக வந்து பேசலாம், என் கதவு திறந்தே இருக்கும் என்றார் ஆணையர். கையோடு, கயிற்றை லாரியின் பின்பக்கத்தில் கட்டினால் போதும் என்று உத்தரவு போட்டு, மேலே நின்றவர்களைப் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினார். அதைப் பேசத்தான் அவள் போயிருந்தாள்.

"கீழ இருக்கறவன் இருமுறானா, இல்ல இருமலே நின்னுபோச்சான்னு லாரிக்குத் தெரியாது சார்."

"தனியா வந்து சொன்னியே, சந்தோஷம். பரிசீலிக்கிறோம்," என்றார் ஆணையர், புழுதியைத் தட்டிக்கொண்டே.

அதன்பின் தெருவிளக்குக்காரர் போனார், தடுப்பூசி போடும் நர்ஸ் போனார், பிறப்புச் சான்றிதழ் குமாஸ்தா போனார். எல்லோரும் தனித்தனியாக, சட்டப்படி. கோப்பைக் கொடுக்கப் போனால் ஒன்றுமில்லை. வேலையைப் பற்றிப் பேசப் போனால்தான் கட்டடம் இறங்கியது. பொறியாளர் லாரிகளை நிறுக்கும் மேடையில் குமாஸ்தாவை நிறுத்தி, உங்கள் கோரிக்கை என்ன என்று கேட்டுவிட்டு முள்ளைப் பார்த்தார். இருபத்தாறு டன். சங்கத்தில் இருந்தவர்கள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்பதால் கணக்கு சரியாகவே இருந்தது. அதில் நூற்றுப் பத்து கிலோ, மைக்செட் என்று ஊர் அழைத்த முன்னாள் சங்கச் செயலாளருடையது.

ஊர் இரண்டுபட்டது. முடிதிருத்தும் கடையில், "வரி கட்டுற நாமதான் முதலாளி. முதலாளிகிட்டயே கும்பலா வந்து மிரட்டுவாங்களா?" என்று ஓய்வுபெற்ற கணித வாத்தியார் தினமும் கேட்டார். "முதலாளின்னா ஒரு நாளாவது குழியை எட்டிப் பாரும்," என்று மருந்துக்கடைக்காரர் தினமும் பதில் சொன்னார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவர் தலையிலும் முடி இல்லை. எடை என்பதும் ஒருவகைக் கூட்டுப் பேரமே என்று நகராட்சி வழக்குப் போட்டது. உள்ளே போனது எத்தனை பேர் என்று நீதிபதி கேட்டார். ஒருவர் என்றார்கள். சட்டம் வாயைத்தான் தடுக்கிறது, எடையை அல்ல என்று சொல்லி அவர் சாப்பிடப் போய்விட்டார்.

கயிற்றுக்காரிக்கு மட்டும் இதில் எந்த வேடிக்கையும் இல்லை. செடிக்குப் போட்ட தண்ணீர்க் குழாயை அப்படியே விட்டுவிட்டு அடிக்கடி தம்பியின் குழிக்கு ஓடினாள். ஒருநாள், பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடிக்கவே, லாரி ஓட்டுநர் நல்ல மனதோடு வண்டியை மூன்றடி முன்னே எடுத்தார். குழிக்குள்ளிருந்த தம்பி சுவரில் மோதித் தோள்பட்டை முறிந்தது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவள் நேராக ஆணையர் அறைக்கு வந்தாள். நாற்காலி கேட்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கோபம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. ஏற்கெனவே பாதி புதைந்திருந்த கட்டடம், அன்று மூன்றாம் மாடியோடு மண்ணுக்குள் போய், மொட்டைமாடி தெருவுக்குச் சமமாக நின்றது.

ஆணையர் மறுநாள் மொட்டைமாடியில் ஓட்டை போட்டு, ஏணி வைத்துத்தான் அலுவலகம் போனார். கீழே காற்று சரியில்லை, மேலே ஓர் ஆளை வைத்துக்கொள்ளாமல் இறங்கக் கூடாது என்று சுகாதார அலுவலர் எச்சரித்தார். கயிற்றுக்காரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"கொஞ்சம் மேல நிக்கிறியாம்மா?"

"லாரியில கட்டிக்குங்க சார்."

ஆணையர் லாரியைப் பார்த்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கும் எவருக்கும் மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று ஆணையர் நின்ற இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் என்று சொன்னால் சட்டம் கோபித்துக்கொள்ளும் என்பதால் சுற்றறிக்கை என்று பெயர் வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினார்கள்.

கட்டடம் திரும்ப எழும்பவில்லை, எழுப்பச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகு வந்த நான்கு ஆணையர்களும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் வேலைக்கு இறங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் நகராட்சி அலுவலகம் எங்கே என்று கேட்டால், காலடியில் பார்க்கச் சொல்வது ஊரில் வழக்கமாகிவிட்டது. சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. கயிற்றுக்காரியை ஆணையருக்கே நிரந்தரமாக நிற்கச் சொல்லிக் கேட்டார்கள், மரியாதையாக மறுத்துவிட்டாள். தோள் கூடிய தம்பி குழிக்குள் இறங்குகிறான். அவள் மேலே குனிந்து நின்று, நூறு எண்ணுவதற்கு ஒருமுறை, "இருக்கியாடா?" என்று கேட்கிறாள்.

"இருக்கேன்க்கா," என்று கீழேயிருந்து குரல் வருகிறது. அவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள்.