மைக் இல்லாத மாமியார்

ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாமியார்'தான். வானொலி நகைச்சுவைத் தொடரில் மாமியாராகக் குரல் கொடுத்தே தலை நரைத்தவர். மாப்பிள்ளையாகப் பேசியவர் அவருடைய சொந்தக் கணவர். கேட்பவர்களுக்கு முகம் தெரியாத வரையில் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பேருந்துக் கட்டண உயர்வைக் கிண்டலடித்ததற்காக நிலையம் தொடரை நிறுத்தியது. நேயர்களின் கோபத்தைத் தணிக்க, பழைய நாடக அரங்கிலிருந்து ஒரு பிரியாவிடை நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, பேருந்துப் பேச்சே எடுக்கக் கூடாது.

"பேசாம தலையை ஆட்டிட்டு வந்துடலாமா?" என்றார் கணவர், ஒப்பனை அறையில்.

"ஆட்டுறதுக்கு நான் என்ன பொம்மையா?"

பிற்பகலில் அரங்கு நிரம்பி வழிந்தது. மாமியாரைவிட மூத்த மாப்பிள்ளையைக் கண்டதுமே கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஓயுமுன் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"டிக்கெட் விலைக்கு பஸ்ஸையே வாங்கிடலாம் போலிருக்கே, மாப்ளே!"

கணவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு துணிந்துவிட்டார். "வாங்கினா யாரு அத்தை தள்ளுறது?"

"இப்ப மட்டும் யாரு தள்ளுறாங்களாம்? டிக்கெட் வாங்கினவங்கதானே!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடை ஓரத்தில் நின்ற நிலைய அதிகாரி கையசைக்க, மைக் செத்தது. கடைவீதி வானொலிகளில் வயலின் இசை கிளம்பியது.

"நிகழ்ச்சி முடிஞ்சுதும்மா. இறங்குங்க," என்றார் அதிகாரி.

மாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். காலமெல்லாம் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று பேசிய தொண்டை அது; மைக் இல்லாமல் அரங்குக்கு எட்டுமா? அப்போது பின்னாலிருந்து அரங்க மேலாளர் கத்தினார்: "அம்மா, மைக்கே இல்லாத காலத்துல கட்டின அரங்கு இது! முன்னால வந்து பேசுங்க, மாடி வரைக்கும் கேக்கும்!"

மாமியார் மைக்கை ஒதுக்கிவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார்.

"கடைசி வரிசைக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது, மாமியாரே!"

வளைந்த கூரை அவர் குரலை வாங்கி மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"ரேடியோவ விட்டுத்தான் போறோம்," என்றார். "வாயை அங்க கழட்டி வெச்சுட்டுப் போகல!"

மேலாளர் பக்கக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார். வானொலியில் பேச்சு நின்றதும் கடைகளிலிருந்து ஓடிவந்தவர்கள் வாசல்களை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பேருந்துக் காட்சி முதலிலிருந்து மறுபடி நடந்தது. அதிகாரி தன் மைக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி வெளியேறினார்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் தொடரை மறுபடி தொடங்குவது பற்றிப் பார்க்கலாம் என்றது நிலையம். அவர் எழுதவில்லை. மறுநாள் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர் அவரைப் பார்த்து, "இறங்கித் தள்ளத் தயாரா, மாமியாரே?" என்றார். பேருந்தே சிரித்தது.