யூசுப் செய்த ஃபஸ் பெடல்

எனக்கு நல்ல காது என்பது யூசுப்பின் நம்பிக்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்வெர்ட்டர் போர்டுகளுக்கு சால்டரிங் செய்கிறவன் அவன். என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கிடார் வாசிப்பான். ஆனாலும் நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

பூந்தமல்லியில் ஒரு பேண்டுக்கு கிடார் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களில் எதோடு போவது என்று யூசுப்புக்குக் குழப்பம். என்னிடம் கடையில் வாங்கிய ஓவர்டிரைவ் இருந்தது. கிடாரின் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கும், அவ்வளவுதான். அவனிடம் இருந்தது ஃபஸ், குரலைக் கிழித்தே போடும். பழைய டிரான்சிஸ்டர்களைத் தேடிப்பிடித்து, ஒன்றரை மாதம் உட்கார்ந்து அவனே செய்தது.

"ரெண்டையும் வாசிச்சுப் பாரு மச்சான். நீ இன்னா சொல்றியோ அதான். ஆனா இத்த பேட்டரில மட்டும் போடு. பிளஸ் மைனஸ் மாத்தி கீது, அடாப்டர் சொருகுன, காலி."

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபஸ்தான். ஒரு தந்தியைத் தட்டினாலே உடம்பு சிலிர்த்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்தது. கடை தெருமுனையில்தான். சோம்பேறி நான், ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று என் அடாப்டரைச் சொருகினேன். கருகிய வாடை வந்தது. அதன்பின் புது பேட்டரி போட்டும் பெடல் வாயைத் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கழுத்தையா பிடிப்பான்? ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "ஃபஸ் சரிப்படாதுடா. சத்தம் அசிங்கமா இருக்கு. என் ஓவர்டிரைவை எடுத்துட்டுப் போ" என்றேன். அவன் முகம் சுருங்கியது. ஓவர்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். தப்பில்லாமல் வாசித்தான். "சுத்தமா வாசிக்கிறீங்க. ஆனா எல்லாரும் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அங்கேயே தலை குனிந்தது.

வெளியே ஆவடி பஸ்ஸுக்கு நின்றோம். அவனோ என்னைத் தேற்றினான்.

"உடு மச்சான். நல்லவேளை நீ சொன்ன. அந்த டப்பாவ எத்துனு வந்திருந்தா மானம் போயிருக்கும். இனிமே பெடல் செய்யறதயே உட்றலாம்னு கீறேன். நமக்கு அது வரல."

அதற்கு மேல் தாங்கவில்லை. "யூசுப், அது நல்லா இருந்துச்சுடா. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான்தான் அடாப்டர் சொருகிக் கருக்கிட்டேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் தோளிலிருந்த கிடார் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"கருக்குன, சரி. வேற ஒண்ணு செய்வேன்" என்றான். "நல்லால்லன்னு இன்னாத்துக்குடா சொன்ன?"