மூலை வெட்டாத சபாஷ்

கைப்பிடியை இழுத்து அழுத்தினால் போதும், பிளாஸ்டிக் தாளில் 'சபாஷ்' என்று பிரெயில் புள்ளிகள் எழும்பும். சுற்றிலும் வெல்வெட் கரை ஒட்டி, சதுரமாக நறுக்கினால் ஸ்டிக்கர் தயார். பார்வையில்லாத பிள்ளைகள் ஒழுங்காகப் படித்தால் நோட்டில் ஒட்டிக் கொடுப்பார்களாம். அதை அழுத்துகிற அக்காவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. பட்டறையில் எவருக்குத்தான் தெரியும்? சூப்பர்வைசருக்கும் சேர்த்து, எல்லாருக்கும் அது வெறும் புள்ளிதான்.

"அந்த மெஷினை நிறுத்திட்டு இங்க வாம்மா" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

அவர் மேசைமேல் பிரித்த பெட்டி. எதிரே மடக்கிய கோலை மடியில் வைத்துக்கொண்டு பார்வையில்லாத டீச்சர் ஒருத்தி.

"எழுத்தெல்லாம் தப்பாம். பெட்டியே திரும்பி வந்திருக்கு. என்ன பண்ணித் தொலைச்சே?"

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இடுப்பொடிந்து படுத்திருக்கிற புருஷன், பள்ளிக்கூடம் போகிற மகள், எல்லாம் இந்தக் கைப்பிடியை நம்பித்தான். வேலையை நிரந்தரமாக்குவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். டீச்சரின் விரல் ஓடியது.

"தப்பு."

இன்னொன்று. "இது சரி."

"ரெண்டும் ஒரே அச்சுதானே டீச்சர்?" தப்பென்றதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"இதுவும் சரியாத்தானே இருக்கு" என்றாள் டீச்சர்.

"என்ன விளையாடுறியா?" சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே சார். இப்ப தப்புன்னாங்களே, அதே ஸ்டிக்கர்தான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல தலைகீழாக் குடுத்திருக்கீங்க. எங்க ஸ்கூல்ல ஒட்டுறவங்களுக்கும் பிரெயில் தெரியாது. வலது பக்க மேல் மூலையை வெட்டி விடுவீங்களே, அதைப் பார்த்துத்தான் ஒட்டுவாங்க. இதுல எல்லா மூலையும் முழுசா இருக்கே?"

டீச்சரின் சிரிப்பு அடங்கியது.

"ஒரு பொண்ணு மத்தியானம் பூரா தலைகீழா ஒட்டினதையே தடவிக்கிட்டு இருந்திருக்கா. படிக்கவே மறந்துபோச்சுன்னு நெனச்சுட்டா. இப்ப கிளாசுக்கு வரமாட்டேங்குறா."

அக்கா சூப்பர்வைசரைப் பார்த்தாள். மூலை வெட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, விட்டுவிடு என்று மெஷின் பக்கத்தில் நின்று சொன்னவர் அவர்தான். அவரோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"தற்காலிக ஆள், டீச்சர். கவனம் பத்தாது. நான் பார்த்துக்கறேன்" என்று முந்திக்கொண்டார் மனுஷன்.

டீச்சரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தவர், "நாளையிலேருந்து வராதம்மா" என்றார், ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல.

"வெட்ட வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சீக்கிரம் முடின்னு சொன்னேன். வெட்டாதேன்னா சொன்னேன்?"

அவர் கண்ணில் ஒரு சலனமும் இல்லை. அக்காவுக்குத்தான் குழம்பியது. மெஷின் இரைச்சலில் ஒன்று சொல்ல ஒன்று காதில் விழுந்ததோ? ராத்திரி முழுக்க அவர் வாயசைவை நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

மனது கேட்காமல் மறுநாளும் போய் நின்றாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்று எண்ணம். அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் குனிந்து அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேல் மூலை, வலது பக்கம். இதை மறந்துதான் ஒருத்தி வேலையவே தொலைச்சா."

"அது எப்படி சார் மறக்கும்?"

"மறந்துட்டாளே."

புதியவள் பாவமென்று உச்சுக்கொட்டினாள். வெட்டிய மூலைகள் ஒவ்வொன்றாக அவள் மடியில் விழுந்தன. கதவோரம் நின்றவளின் வலதுகை, வெறும் காற்றில், தானாக இழுத்து இழுத்து அழுத்திக்கொண்டிருந்தது.