எண்ணுக்கு விட்ட இடம்

மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றி நவநீதன் இழுத்துக் கட்டியதும் ரெங்கராஜின் வாய் மூடிக்கொண்டது. கார் பானெட்டை அமுக்கி மூடுகிற அதே அழுத்தம், கடைசியில் அதே லேசான தட்டு. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த பூரணி, கணவனின் தாடையின் மேல் மகனின் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதையும் சேத்து மூடிருங்க," என்றாள் மருமகள் நிஷா. "காச்சக்காரங்கன்னா அப்படித்தான் கட்டியிருப்பாங்க."

நிஷா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். விடியற்காலையில் பூரணி போய்க் கதவைத் தட்டியதும் ஓடிவந்து, மாமனாரின் மணிக்கட்டையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியவள் அவள்தான். பூரணிக்கு அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பி வந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் நவநீதனின் கை வந்து பொத்திவிட்டது. பாலிஷ் வாடை அடிக்கும் கை.

"கத்தாதம்மா. மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழு, நானும் அழறேன்."

அந்த வாடை இன்னும் அவள் உதட்டில் இருந்தது. இரண்டு முறை கழுவியும் போகவில்லை.

விஷயம் சிக்கலானதில்லை. பழைய கார் வாங்கி விற்கிறவர்களும் இனி போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ரெங்கராஜ் மனுப் போட்டிருந்தார். இடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் இன்று வருகிறார். கடை அவர் பெயரில், மனு அவர் பெயரில். ஆள் இல்லையென்றால் மனுவும் இல்லை. கையில் சான்றிதழ் வந்துவிட்டால் பிறகு வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள ஏதாவது வழி பார்க்கலாம் என்று ஏஜென்ட் பாலு போனில் சொல்லியிருந்தான். அப்பா இறந்துபோனதை நவநீதன் முதலில் சொன்னது பாலுவிடம்தான். லால்குடியில் இருக்கும் அத்தை பொன்னுத்தாய்க்கு, அப்பாவோடு கூடப் பிறந்தவளுக்கு, இன்னும் சொல்லவில்லை.

"அத்தைக்காவது சொல்லுடா."

"அத்த பஸ் ஏறும்போதே ஒப்பாரிய ஆரம்பிச்சிரும். திருவானைக்காவல் பூரா தெரிஞ்சிரும்."

அது உண்மைதான். பூரணிக்கு அருவருப்பாக இருந்தது அதனால்தான். அவன் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருந்தது.

வீட்டுக்கு முன்னால்தான் கடை. தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒரு கண்ணாடி அறை, கூரைக்கு மேலே புதுப் பலகை. பெயர், முகவரி, கைபேசி எண், அதற்குக் கீழே 'அங்கீகார எண்' என்று எழுதி மீதியை வெள்ளையாக விட்டிருந்தார்கள். ரெங்கராஜே பக்கத்தில் நின்று அந்த இடத்தை அளந்து விடச் சொன்னார். எண் நீளமாக இருந்தால் இடம் பத்தாமல் போய்விடக் கூடாதாம்.

"இனிமே எவனும் என்ன புரோக்கருன்னு கூப்பிட முடியாது பூரணி," என்று நேற்று சாப்பிடும்போதுகூடச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று கையில் சோற்றோடு ஒத்திகை பார்த்தார். கார் நிறுத்த இடம் இருக்குங்க, தீயணைப்புக் கருவி இருக்குங்க, கேமரா இருக்குங்க. ஒவ்வொரு 'இருக்குங்க'வுக்கும் தலை லேசாகக் குனிந்தது. புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டை ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டுவிட்டிருந்தார்கள். கை விறைக்கத் தொடங்கியிருந்ததால் முதுகுப் பக்கம் நிஷா கத்தரிக்கோலால் கிழித்தாள். முன்னால் பார்த்தால் தெரியாது. நவநீதன் ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்து, மீசையில் ஒரு நரையைக் கண்டு, நிஷாவின் மைப் பென்சிலை வாங்கி அதன்மேல் ஒரு கோடு இழுத்தான்.

"அது எதுக்குடா?"

"சும்மா இரும்மா. பளிச்சுன்னு இருக்கணும்ல."

அப்பா சொல்கிற வார்த்தை. வண்டி பளிச்சுன்னு இருக்கணும்டா, வாங்குறவன் கண்ணுதான் முதல்ல வாங்கும்.

அப்பாவிடமிருந்து அவன் எல்லாவற்றையும் கற்றிருந்தான். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை வரிசையாக லாரியில் ஏற்றிவந்தபோது மகனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார் ரெங்கராஜ். சீட்டைக் கழற்றி மாடியில் காயப்போடு. தரைவிரிப்பைத் தூக்கி எறி. சேற்றைக் காற்றடித்து எடு. அப்படியும் அடியில் ஒரு சாக்கடை நாற்றம் தங்கும், அதற்கு எலுமிச்சை சென்ட். பூரணியின் வடாம் காய்ந்த மாடியில் அந்த மாதம் முழுக்க யார் யாரோ உட்கார்ந்த சீட்டுகள் காய்ந்தன. ஒன்றின் மடிப்பில் ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு கிடைத்தது. ஷெட்டுலயே நின்ன வண்டின்னு சொல்லு, மழையே பாக்காத வண்டின்னு சொல்லு என்று அவர் கீழே யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் இப்போது எழுந்து உட்கார்ந்தால் யார் பக்கம் பேசுவார்? பூரணிக்கு அதில் சந்தேகமே இல்லை. கிழிந்த சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'சரியாத்தாண்டா செஞ்சிருக்க' என்பார். செத்தவருக்காக நியாயம் கேட்கலாம் என்றால் அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை.

"நீ போய் முன்னால உக்காந்து காப்பி குடி," என்றான் நவநீதன். "தினம் உக்காருவல்ல. இன்னைக்கு உக்காரலன்னா நாலு பேரு எட்டிப் பாப்பாங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். நிஷா தம்ளரைக் கையில் கொடுத்தாள். உள்ளே பிணம் கிடக்க, பூரணி காப்பி குடித்தாள். தொண்டையை விட்டு இறங்காது என்று நினைத்தாள். இறங்கியது. சூடாக, நன்றாகக்கூட இருந்தது.

மதில் மேல் பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யாவின் தலை தெரிந்தது.

"என்ன மாமி, சார் இன்னும் எழுந்துக்கலியா? சத்தத்தையே காணோம்."

"கொஞ்சம் காய்ச்சல்."

"அச்சச்சோ. இன்னிக்கு மிளகுக் குழம்பு வெக்கறேன். வாய்க்கு இதமா இருக்கும், ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பறேன். எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறதுக்குள்ள முடிச்சாகணும்."

பூரணி தலையை ஆட்டினாள். பிணம் எடுக்கும்வரை பக்கத்து வீடுகளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஸ்ரீவித்யா வீட்டில் இன்னும் கண்டிப்பு. போன வருஷம் எதிர்ச் சாரியில் ஒரு பெரியவர் போனபோது, கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு, குழந்தைகளுக்கு வெறும் வாழைப்பழத்தைக் கொடுத்து உட்காரவைத்தவள். அவள் இப்போது தெரியாமல் சமைக்கப் போகிறாள். தெரியாமல் சாப்பிடப் போகிறாள். அதில் ஒரு கிண்ணம் மதில் தாண்டி இங்கேயும் வரும்.

எழுந்து உள்ளே போனாள். ஏசி கடகடத்துக்கொண்டிருந்தது. அறையில் யாருமில்லை. மேஜையில் கார்ச் சாவிகள் கிடந்தன, ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய அட்டை, வெள்ளை நூலில் கட்டியது. பூரணி ஒரு சாவியிலிருந்து நூலை அவிழ்த்தாள். போர்வையின் கால்பக்கம் தூக்கி, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். கால் ஏற்கெனவே விலகி நிற்க ஆரம்பித்திருந்தது. இழுத்துச் சேர்க்க வலு வேண்டியிருந்தது. நெற்றிக்குக் காசு இல்லை, தலைமாட்டில் விளக்கு இல்லை. இதாவது இருக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். போர்வையை இழுத்து மூடினாள்.

நவநீதன் உள்ளே வந்தான். கையில் எலுமிச்சை சென்ட். கட்டிலைச் சுற்றி, திரைச்சீலைக்கு, தலையணைக்கு, கடைசியாகப் போர்வைக்கும் ஒரு பீய்ச்சுப் பீய்ச்சினான்.

"டேய்."

"வாடை வந்துரக் கூடாதும்மா."

"இன்னும் வரல."

"வர்றதுக்கு முன்னாடியே அடிச்சாத்தான் பிடிக்கும்," என்றான். சொன்னதும் அவனுக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். குப்பியைப் பார்த்தான், பிறகு அம்மாவை. அதற்குள் வெளியே ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கேத்தரின் என்று சட்டையில் பெயர் இருந்தது. நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஆனால் கலகலப்பாகப் பேசினாள். கூரையைப் பார்த்தாள், தீயணைப்புக் கருவியைத் திருப்பித் தேதி பார்த்தாள், கேமரா ஓடுகிறதா என்று கேட்டாள். ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன சார், சென்ட் கடையா இது? வண்டியில என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஹி ஹி, கஸ்டமர் விரும்பறாங்க மேடம்."

அப்பா சொல்ல வேண்டிய 'இருக்குங்க'வை எல்லாம் நவநீதன் சொன்னான், அதே குனிவோடு. சன்னல் வழியாகப் பூரணி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்து அச்சாக அவருடையது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் கேத்தரின். "அப்ளிகன்ட் எங்க? உங்க அப்பாதானே?"

"நல்ல காச்சல் மேடம். மாத்தர போட்டுத் தூங்குறாரு."

"எழுப்ப வேணாம். ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். ஆளே இல்லாம பேர மட்டும் குடுத்து வாங்குறாங்க சார் இப்பல்லாம்."

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தாள். அறைக் கதவருகே நின்றவள் குளிரில் தோளைக் குறுக்கினாள். கட்டில் ஓரம் நாற்காலியில் பூரணி. நிஷா தைலக் குப்பியோடு நின்றாள். மஃப்ளருக்குள் பளிச்சென்று ஒரு முகம்.

"காய்ச்சல்ல இவ்வளவு ஏசி வெச்சா ஆகுமாம்மா?" என்று கேத்தரின் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எங்க அப்பாவும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டாரு."

நவநீதன் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. சின்ன வயதில் பரீட்சைத் தாளை நீட்டி, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று நிற்பானே, அந்த முகம். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. வார்த்தைகூட வேண்டாம், அவள் சும்மா இருந்தால் போதும். இன்ஸ்பெக்டர் திரும்பிப் போவாள். பலகையில் எண் ஏறும். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே.

எலுமிச்சை வாடை நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறு எதுவும் இன்னும் இல்லை. ஆனால் அது வருவதற்காகவே காத்திருக்கிறவளைப்போல அவள் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதைத்தான் செய்கிறாள் என்று சட்டென்று தெரிந்தது. இத்தனை வருஷம் கூடப் படுத்த மனிதரை, விலைக்கு வந்த வண்டியைப்போல மோந்து பார்த்துக்கொண்டு.

பூரணி எழுந்தாள். கால்மாட்டுக்குப் போய், போர்வையைப் பிடித்து முழங்கால்வரை மடித்துவிட்டாள்.

சேர்த்துக் கட்டிய இரண்டு பெருவிரல்கள். வெள்ளை நூலின் நுனியில் வண்டி எண் எழுதிய அட்டை தொங்கியது. அதைப் பிய்த்துப் போட அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"மேடம், அது வந்து... ராத்திரி பூரா கால் கொடையுதுன்னு அவரேதான்..." என்று நவநீதன் ஆரம்பித்தான். நிஷா "என்னங்க," என்றாள். அவன் நிறுத்தினான்.

கேத்தரின் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினாள். கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தாள்.

"எப்பம்மா?"

"விடியறப்ப."

கேத்தரின் நவநீதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலருகே வந்து, குனிந்து, மஃப்ளரின் ஒரு நுனி ரெங்கராஜின் கண்ணில் விழுந்து கிடந்ததை எடுத்து ஓரமாக விட்டாள். பூரணியின் கையை ஒரு முறை பிடித்தாள். கேத்தரினின் கை சூடாக இருந்தது. பிறகு வெளியே போய் ஷூவை மாட்டிக்கொண்டாள். வரும்போது அவ்வளவு பேசியவள், போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

ஜீப் கிளம்பிய சத்தம் தேய்ந்தது.

"திருப்தியாம்மா?" என்றான் நவநீதன். குரல் உடைந்திருந்தது. எதற்காக உடைந்தது என்று பூரணி பார்க்க விரும்பவில்லை. சென்ட் குப்பி இன்னும் அவன் கையில் இருந்தது.

அவள் ஏசியை நிறுத்தினாள். சன்னலைத் திறந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகும் பெருங்காயமும் வறுபடும் மணம் உள்ளே வந்தது. வெளியில் தகரக் கூரைக்கு மேல் பலகை வெயிலில் பளபளத்தது, அந்த வெள்ளை இடம் மட்டும் கண்ணைக் கூசவைத்தது.

பின்கட்டுக்குப் போய் மதிலோரம் நின்றாள்.

"வித்யா."

"என்ன மாமி? இதோ ஆச்சு, இறக்கப் போறேன்."

"அடுப்ப அணைச்சிரும்மா."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. ஏன் என்று ஸ்ரீவித்யா கேட்கவில்லை. அடுப்புத் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. குழம்பு மட்டும், சட்டியின் சூட்டில், இன்னும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருந்தது.