ஹாலில் அறுநூறு லிட்டர் கடல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, அக்கா வீட்டு ஹாலிலிருந்து திருடிக்கொண்டு வந்தேன். திருட்டை மறைக்க மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கடல் அவர்கள் வீட்டுக்கு லிஃப்டில் ஏறி வந்தது." அடித்துவிட்டேன். ஆறடிக் கண்ணாடித் தொட்டி லிஃப்டில் நுழையாது. ஐந்து பேர் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து, வாங்கியவரின் வம்சத்தையே வைதார்கள். வாங்கியவர் லிஃப்ட் மெக்கானிக் என்பது அவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

இரண்டாவது: "அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது, அதனால் அவர்" — இதற்கு மேல் பேனா நகரவில்லை.

மூன்றாவது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

மெக்கானிக் என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. அக்கா பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவள். ஒரு துண்டுத் துணியை நீட்டி "இதே கலர் வேணும்" என்றால் மெஷின் திணறும், அவள் திணற மாட்டாள். நாற்பத்து நாலு வயதில் ஒருநாள் அவள் கலந்து அனுப்பிய வெளிர்மஞ்சள் ஒருவர் வீட்டுச் சுவரில் பச்சையாகப் போய் நின்றது. விழித்திரை என்றார் டாக்டர். மருந்து கிடையாது, ஒரு வருஷம் தாங்கலாம் என்றார்.

அந்த வாரம் டி.வி.யில் பவளப்பாறை காட்டினார்கள். அவள் மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"இந்த ஊதாவை மட்டும் என்னால கலக்கவே முடியாதுங்க."

"நேர்ல பார்த்தா முடியுமா?"

"நேர்லயா? நல்லா கேட்டீங்க போங்க. கடல்ல குதிக்கச் சொல்றீங்களா?"

அவர் மறுநாள் காலையில் டேப்பை இழுத்து ஹாலை அளந்தார்.

3

[இந்தப் பகுதியில் எதுவும் நடக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள், அவள் பொறுத்துக்கொண்டாள்.]

கடல்தொட்டி வைப்பவர்களுக்கு முதல் வேலை காத்திருப்பது. வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, மணலும் கல்லும் போட்டு, பம்பை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறித் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் வரை ஒரு மீனைக்கூட விடக்கூடாது. கடைக்காரர் இரண்டு மாதம் போதும் என்றார். மெக்கானிக் கேட்கவில்லை.

"லிஃப்ட்டை மாட்டின அன்னிக்கே ஆளை ஏத்துவோமா? மணல் மூட்டையை ஏத்தி, எறக்கி, மறுபடி ஏத்தி... உசுரு சமாச்சாரம்ப்பா."

இரண்டு மாதம் ஏழு மாதமானது. தினம் சாயங்காலம் அவர் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்" என்பார். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "ஊரே மீன் வளக்குது, என் வீட்டுக்காரர் கல்லு வளக்கறார்" என்று சிரிப்பாள். அவர் ஒவ்வொரு முறை "இன்னும் கொஞ்சம்" என்றபோதும் அவள் கண்ணிலும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? செத்துப்போகிற பவளத்தை அவளுக்குக் காட்டிவிடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது என்றுதான் நினைக்கிறேன்.*

* இந்த இடத்தில் பாத்திரத்தை நான் நம்பவில்லை. அவசரப்பட வேண்டிய ஒரே வேலையில் ஒரு மனுஷன் இவ்வளவு நிதானமாக இருப்பானா? வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். இரண்டாம் மாதமே பவளம் வந்தது, அவள் பார்த்தாள், ஊதாவைக் கலந்தாள். படிக்க அருமையாக இருந்தது. கிழித்துப் போட்டேன், அழுகை வந்துவிட்டது.

4

எட்டாம் மாதம் பவளங்கள் வந்தன. ஊதா ஒன்று, பச்சை இரண்டு, விரல் விரலாக அசையும் ஆரஞ்சு ஒன்று. நீல விளக்கைப் போட்டுவிட்டு மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா!" என்றாள் அக்கா. "என்னங்க இது, இப்படி இருக்கு!"

அவர் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆண்பிள்ளைகள் அழ வேறு இடம் ஏது?

நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, ஊதா எங்க இருக்குன்னு காட்டு."

அவள் கை எழவில்லை. "வெளிச்சம் தெரியுதுடா. மத்தபடி ஒண்ணும் இல்ல. அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிடாத. எட்டு மாசம் உசுரைக் குடுத்துக் கட்டியிருக்கார்."

சொல்ல மாட்டேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

5

அடுத்த மாதம் மெக்கானிக்குக்குக் கம்பெனி வேலையாக வெளியூரில் மூன்று வாரம். தொட்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது, உள்ளேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஏறினால் பவளம் செத்துவிடும். இதை எனக்கே பத்து தடவை சொல்லியிருக்கிறார். பால்கனியில் இரண்டு டிரம் வைத்தார். நீல மூடி நல்ல தண்ணீர், சிவப்பு மூடி உப்புத் தண்ணீர், அவர் வந்து தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கு.

"நான் ஊத்திக்கறேன், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க," என்றாள் அக்கா. இடது பக்கம் நீலம் என்று மனசில் வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் வேலைக்காரம்மா தரையைக் கழுவிவிட்டு டிரம்களை இடம் மாற்றி வைத்தாள். அக்கா இடது பக்கத்து டிரம்மில் மொண்டு ஊற்றினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

(பொய். நான் இருந்தேன்.)

வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கப் போனவன், சிவப்பு மூடியை அவள் திறந்ததைப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிவிட்டு, "பார்த்தியா, எல்லாம் நானே செய்யறேன்," என்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் கேட்டதில்லை. 'கலர் தெரியாமல் ஊற்றிவிட்டாய்' என்று எந்த வாயால் சொல்வது? கிளம்பும்போது சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நேரமாகிவிட்டது, ஓடிவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டரை வாரம் போனது.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்ததும், இது ஒரு நல்ல கதை என்று —

6

மெக்கானிக் திரும்பி வந்தபோது பவளங்கள் வெள்ளையாகிச் சதை கழன்றுகொண்டிருந்தன. வீடெல்லாம் நாற்றம். உப்பை அளந்து பார்த்தார், பால்கனிக்குப் போனார், காலியாகிக் கிடந்த சிவப்பு டிரம்மைப் பார்த்தார். மனுஷனுக்கு எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது, அவள் கண் உட்பட. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு உள்ளே வந்து அவளிடம், "பம்ப் நின்னுபோயிருக்கும்மா. என் தப்புதான், மட்டமான பம்ப்பை வாங்கிட்டேன்," என்றார்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். அவர் பொய்யை அவள் நம்புகிறாள், அவள் பொய்யை அவர் காப்பாற்றுகிறார், வாசகர் மூக்கை உறிஞ்சுகிறார். அல்லது அவள் டிரம்மின் அடியில் மிஞ்சியதைக் கொஞ்சம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், தானே கண்டுபிடிக்கிறாள். இரண்டுமே எனக்கு வசதி. இரண்டிலும் நான் இல்லை.

7

இப்போது காலை பதினொரு மணி. ஐந்தாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய், எனக்கு ஒண்ணு புரியல. பம்ப் நிக்கவே இல்லடா. கண்ணு போனாலும் காது இருக்கில்ல? நாள் பூரா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அவர் எதையோ மறைக்கறார். நீ அப்ப வந்தியே, நான் தண்ணி ஊத்தினப்ப பக்கத்துலதானே நின்ன? நான் சரியாதானே ஊத்தினேன்?"

ஆமாம் என்றால், பவளம் செத்துப்போனதற்குக் காரணம் தெரியாமல் அவள் மாமாவையே சந்தேகப்படுவாள். இல்லை என்றால், அவர் கட்டியதைத் தன் கையாலேயே கொன்றதும், தம்பி நின்று வேடிக்கை பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒன்றை எழுத எனக்குத் திறமை இல்லை.

"டேய், இருக்கியா?" என்கிறாள்.

அவள் லைனில்தான் இருக்கிறாள். இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள்.