நகத்தளவு அப்பம்

நூறு புள்ளி ஆறு. ஸ்டெபி தெர்மாமீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை கணவனின் கக்கத்தில் வைத்தாள். இரண்டாவது தடவையும் அது இறங்கி வரவில்லை.

“எவ்வளவு காட்டுது?” என்று கேட்டாள் மாமியார் பாக்கியவதி. கேட்கும்போதே அவள் கண் வார்டு வாசல் பக்கம் இருந்தது.

“நூறுக்கு மேல இருக்கு அத்தை.”

“ராத்திரி ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிச்சிச்சி. வேற ஒண்ணுமில்ல. நீ கம்முனு இரி, நான் பாத்துக்கிடுதேன்.”

படுக்கையில் பெனோ இருமினான். நெஞ்சுக்குள் ஏதோ புரள்வது போன்ற இருமல்.

பெனோவுக்குப் பக்கவாதம் வந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். இன்னும் நாற்பது நிறையவில்லை. சமுதாய மருத்துவமனையின் இந்த மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்த மூன்று வாரத்தில் வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாக வந்தது. தொண்டைதான் வரவில்லை. எதை விழுங்கினாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரல் பக்கம் வழுக்கிவிடும் என்றார்கள். கஞ்சி, மாத்திரை எல்லாம் மூக்கு வழியாக விட்ட குழாயில்தான். தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.’

பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிற அர்ஷியா திங்களும் வியாழனும் வருவாள். இரண்டு முறை சோதித்து இரண்டிலும் பெனோ தேறவில்லை. இன்று மூன்றாவது. இதிலும் தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். அத்துடன் படுக்கையையும் காலி செய்ய வேண்டியதுதான். தேறிவருகிற ஆட்களுக்கே இங்கே இடம் பற்றவில்லை. “பயிற்சி இல்லாம வீட்டுல மாசக்கணக்கா கெடந்தா, தொண்டை அது வேலையை மறந்துரும்க்கா” என்று அர்ஷியா போன வாரமே சொல்லியிருந்தாள்.

அந்தப் பயத்தில்தான் நேற்று அப்படி நடந்தது.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. அவர்கள் சபையில் திருவிருந்து நாள். ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் நோயாளிகள் இருக்கும் இடத்துக்கே அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். சபையில் முழு உறுப்பினராகத் திடப்படுத்தல் எடுத்த பதினாறு வயதிலிருந்து பெனோ திருவிருந்தைத் தவறவிட்டதில்லை, போன மாதம் வரை. பரீட்சைக்கு முந்தின நாள் திருவிருந்துப் பந்தி எடுத்துவிட்டால் பிள்ளை தேறிவிடுவான் என்று பாக்கியவதிக்கு ஒரு நம்பிக்கை. ஐயருக்கு அவளே போன் பண்ணி, “வாயில எடுப்பான் ஐயா” என்று சொல்லிவிட்டாள். அவர் வருவதற்கு முன் சிவப்பு அட்டையைக் கழற்றி மருந்துப் பெட்டி மேல் கவிழ்த்து வைத்தாள்.

ஸ்டெபி அதைப் பார்த்தாள். தடுத்திருக்கலாம். ஆனால் ஐயர் ஜெபத்தைத் தொடங்கியதும் பெனோ திரும்பி அவளைப் பார்த்த பார்வை! முப்பத்தெட்டு நாளில் அவன் எதையும் கேட்டதில்லை. குழாயில் எதை விட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். நேற்று அந்தக் கண்கள் கேட்டன. அவள் அவன் பிடரிக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

நகத்தளவு அப்பம். ரசத்தில் தோய்த்தது. உள்ளே போன உடனேயே இருமல் வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, ஐயரே பயந்துபோகும் அளவுக்கு. பிறகு அடங்கியது. ஐயர் போனதும் பாக்கியவதி அட்டையை மறுபடி மாட்டினாள். “ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத” என்றாள். ஸ்டெபி தலையாட்டினாள்.

ஒன்பது மணிக்கு அர்ஷியா வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். தலையில் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டே வார்டைக் கலகலப்பாக்கிவிடுவாள்.

“பெனோ அண்ணே, இன்னைக்குப் பரீட்சை. படிச்சிட்டு வந்தீங்களா?”

“ம்.”

“போன வாட்டி ‘ஆ’ சொல்லச் சொன்னா கொட்டாவி விட்டீங்க. அதுக்கு நான் பாதி மார்க்குதான் போட்டேன்.”

பெனோவின் உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. அர்ஷியா குறிப்பேட்டைத் திறந்தாள்.

“வியாழக்கிழமைக்குப் பொறவு வாய் வழியா ஏதாவது போச்சாக்கா? தண்ணி, காப்பி, எதுனாலும்?”

“பச்சத்தண்ணி கூடக் காட்டல யம்மா” என்று பாக்கியவதி முந்திக்கொண்டாள். “நாக்கு காஞ்சா பஞ்ச வச்சித் தொடச்சி விடுதோம். அவ்வளவுதான்.”

அர்ஷியா எழுதிக்கொண்டாள். ஸ்டெபி தரையைப் பார்த்தாள்.

ஸ்டெதஸ்கோப் பெனோவின் முதுகில் நகர்ந்தது. வலது பக்கம் கீழே வந்ததும் நின்றது. அர்ஷியா மறுபடி வைத்துக் கேட்டாள். மூன்றாவது தடவையும். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“இந்த இருமல் எப்பமிருந்து?”

“ராத்திரியில இருந்துதான்” என்றாள் பாக்கியவதி.

“காய்ச்சல் அடிக்கே!”

“காத்து…” என்று தொடங்கினாள் பாக்கியவதி. அர்ஷியா அதற்குள் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

டாக்டர் ஜெய்சன் அதிகம் பேசாதவர். நெஞ்சைச் சோதித்தார். அர்ஷியாவின் குறிப்பைப் படித்தார். பிறகு ஸ்டெபியை மட்டும் பார்த்துப் பேசினார்.

“நெஞ்சுல சளி இறங்கியிருக்கு. வாய் வழியா ஒண்ணுமே கொடுக்கலன்னு சொல்லுதீங்க. அப்படின்னா அவர் எச்சிலே தப்பான வழியில போகுதுன்னு அர்த்தம். எச்சிலையே சமாளிக்க முடியாத தொண்டைக்குத் தண்ணி கொடுத்துச் சோதிக்கிறது ஆபத்து. விழுங்குற பயிற்சியை இன்னையோட நிறுத்திருவோம்.”

“நிறுத்தினா?”

“சர்ஜன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வாராரு, அது இன்னைக்கு. இப்பவே பேரைக் கொடுத்திருவோம். காய்ச்சல் விட்டதும் வயித்துல குழாய். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

படிவமும் பேனாவும் ஸ்டெபியின் கைக்கு வந்தன. அவள் பாக்கியவதியைப் பார்த்தாள். மாமியாரின் உதடு ஜெபம்போல அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெபி பெனோவைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. டாக்டர் பேசப் பேச அவன் கண் தன் அம்மாவிடம் போய், அங்கிருந்து அவளிடம் வந்தது. அவன் மிக மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

அவள் முதலில், அறுவை வேண்டாம் என்கிறான் என்றுதான் நினைத்தாள். அப்புறம் அவன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்தாள். சொல்லாதே என்கிறான். அம்மாவைக் காட்டிக்கொடுக்காதே என்கிறான். வயிற்றில் ஓட்டை போட்டாலும் பரவாயில்லையாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், இந்த மனுஷன் இப்படித்தான். ஸ்டெபிக்குக் கோபம் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று.

பேனாவைக் கட்டில்மேல் வைத்தாள்.

“டாக்டர், நேத்து அவிய சாப்பிட்டாவ.”

“ஏட்டி!” என்றாள் பாக்கியவதி.

“ஐயரு திருவிருந்து கொண்டாந்தாவ. ரசத்துல தோய்ச்ச அப்பம், ஒரு துண்டு. நான்தான் தலையத் தூக்கிப் பிடிச்சேன். அட்டை கவுந்து கெடந்துச்சி, நான் பாத்தேன். பாத்துக்கிட்டே பிடிச்சேன்.”

வார்டில் மற்றக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பினார்கள். அர்ஷியா குறிப்பேட்டை மூடினாள். இருபத்தேழு வயதுப் பெண்ணின் முகம் ஒரே நொடியில் வயதாகிவிட்டது.

“நான் கேக்கும்போது இங்கனதான நின்னீங்க?”

“நின்னேன்.”

“நெஞ்சுல சளி கேக்காம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு ஸ்பூனைத் தூக்கியிருப்பேன். நேத்து போனது உள்ள கெடக்க, அதுக்கு மேல நானும் கொண்டுபோய் ஊத்தியிருப்பேன். அவருக்கு ஏதாவது ஆச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நாளைக்கு வேலைக்கு வருவேன்க்கா?”

பதில் பாக்கியவதியிடமிருந்து வந்தது, அழுகையாக.

“கர்த்தருடைய பந்தியால எம்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சின்னு சொல்லுதியா? அதுவும் வேத்து வேதத்துப் பிள்ளை முன்னால வச்சி? முப்பது வருஷமா கோயில் கூட்டுதேன், எனக்கு இது வேணுமா?”

அர்ஷியா அவள் பக்கம் திரும்பினாள். கோபம் போகவில்லை, ஆனால் குரல் தணிந்தது. “பெரியம்மா, அப்பத்து மேல ஒரு குத்தமும் இல்ல. படுக்க வச்சிக் கொடுத்தீங்க பாருங்க, அதுதான் குத்தம். மல்லாக்கப் படுத்துக்கிட்டு நான் தின்னாலும் எனக்கும் புரையேறும்.”

பிறகு ஸ்டெபியிடம் கேட்டாள். எவ்வளவு பெரிய துண்டு? தலை பின்னால் சாய்ந்திருந்ததா? கரைந்திருந்ததா, கெட்டியா? ஸ்டெபி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

“போனப்ப இருமினாரா?”

“ரொம்ப. மூஞ்சி செவந்துட்டு.”

“எவ்வளவு நேரம் கழிச்சி?”

“கழிச்சி எல்லாம் இல்ல. உள்ள போனதும்தான். உடனே.”

“உடனேயா? நல்லா நினைச்சிச் சொல்லுங்கக்கா.”

“ஐயரு கைய எடுக்கக்கூட இல்ல. அதுக்குள்ள இருமிட்டாவ.”

அர்ஷியா டாக்டரைப் பார்த்தாள். அவர் ஸ்டெபியின் கையிலிருந்த படிவத்தை வாங்கி மடித்தார்.

“போன ரெண்டு தடவையும் தண்ணி தப்பா இறங்கினப்ப இவரு இருமவே இல்ல” என்றாள் அர்ஷியா. “கேமரா வச்சிப் பாத்தப்பதான் எங்களுக்கே தெரிஞ்சிச்சி. தப்பா போறது தொண்டைக்கே தெரியல. அதுதான் எனக்குப் பயமே. இப்ப உடனே இருமியிருக்காருன்னா, தொண்டைக்கு உணர்ச்சி திரும்புது. டாக்டர், சளி இறங்கினது அந்த அப்பத்தாலன்னா, எச்சில் தப்பா போகுதுங்குற கணக்கு இனி சரிவராது இல்லையா?”

“எக்ஸ்ரே எடுப்போம்” என்றார் ஜெய்சன். “அப்புறம் பேசலாம்.” போகிற போக்கில் ஸ்டெபியிடம் நின்றார். “இப்படி ஒரு விஷயம் தெரிஞ்சதுனால நீங்க செஞ்சது சரின்னு நினைச்சிராதீங்க.”

“நினைக்கல டாக்டர்.”

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது. பெனோ இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினான்.

“நான்… தான்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “கேட்டேன்.”

எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் ஒரு சின்னத் திட்டு தெரிந்தது. ஊசி மருந்து போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்து, “ஒரே ஒரு ஸ்பூன். கெட்டியாக்கின தண்ணி. இருமினாலோ குரல் மாறினாலோ உடனே நிறுத்திடணும். சர்ஜன் ஒரு மணிக்குக் கிளம்புவாரு” என்றார்.

பெனோவை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். முதுகுக்கு இரண்டு தலையணை. பொடி கலந்த தண்ணீர் கிண்ணத்தில் கூழ்போல நின்றது. அர்ஷியா ஸ்டெபியை அவனுக்கு எதிரே, தாழ்வான ஸ்டூலில் உட்காரச் சொன்னாள்.

“அண்ணே, தாடையை நெஞ்சோட சேருங்க. கீழ குனிஞ்சி அக்கா மூஞ்சியப் பாருங்க. அங்க இங்க பாக்கக் கூடாது. நான் சொன்னதும் பலமா விழுங்கணும்.”

அவளுடைய இரண்டு விரல் அவன் குரல்வளை மேல் இருந்தது. மற்றக் கையில் ஸ்பூன். பாக்கியவதி அதைப் பார்க்க மாட்டாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

ஸ்பூன் உள்ளே போய் வெளியே வந்தது.

“ம், இப்ப!”

பெனோ விழுங்கவில்லை. வாயை மூடியபடியே இருந்தான். கன்னம் நடுங்கியது. ஸ்டெபி அவன் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. அவளே எதையோ விழுங்குவதுபோலத் தொண்டையை அசைத்தாள். அவள் அதை அறியவில்லை. ஒரு நொடி போயிற்று. இரண்டு. குரல்வளை பாதி ஏறி நின்றது. இறங்கியது. ஸ்டெபியின் நகம் அவள் உள்ளங்கையிலேயே பதிந்தது.

பிறகு அது முழுதாக ஏறி, இறங்கியது.

“இன்னொரு வாட்டி, சும்மா வெறும் வாயை விழுங்குங்க. ம். இப்ப ‘ஆ’ சொல்லுங்க.”

“ஆ…”

அர்ஷியா காதைக் கிட்டக் கொண்டுபோனாள். “இன்னும் நீளமா.”

“ஆஆ…”

தொண்டையில் தண்ணீர் தங்கினால் வரும் ஈரக் கரகரப்பு குரலில் இல்லை. இருமலும் வரவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். காலையில் இருந்ததற்கு மேல் ஒன்றும் இல்லை. “சர்ஜனுக்கு நான் சொல்லிக்கிடுதேன், இந்த வாரம் வேண்டாம்னு” என்று அர்ஷியாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“இன்னும்” என்றான் பெனோ, கிண்ணத்தைப் பார்த்து.

“ஆசையப் பாரு! காய்ச்சல் இறங்கட்டும். வியாழக்கிழமை ரெண்டு ஸ்பூன்” என்றாள் அர்ஷியா. அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதை மறைக்க அட்டையை நேராக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டெபி வராந்தாவுக்கு ஓடினாள். பாக்கியவதி தூண் ஓரமாகப் போனும் கையுமாக நின்றாள்.

“அத்தை, இறங்கிட்டு! இருமல. விழுங்கிட்டாவ!”

பாக்கியவதி கண்ணை மூடினாள். பிறகு போனை இடுப்பில் செருகினாள்.

“ஐயருட்ட சொல்லிட்டேன். அட்டையக் கவுத்தது நான்தான்னு. அவரு பாவம், கொடுத்தது தப்பாப் போச்சேன்னு நடுங்கிட்டாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆனா நீ ஊரு முன்னால என்னைய நிக்க வச்சிட்ட. உங்கூட நான் ஒரு வாரத்துக்குப் பேசுறதா இல்ல.”

“சரி அத்தை.”

பாக்கியவதி வார்டுக்குள் நாலடி நடந்தாள். நின்றாள்.

“காலையில இருந்து நீ ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கல. கேன்டீன்ல இட்லி இருக்கும், போய்த் தின்னுட்டு வா. இங்கன நான் இருக்கேன். ஒண்ணும் கொடுக்க மாட்டேன், பயப்படாத.”