திரைக்குள் திரும்பாத சின்னக்கா

கண்ணாடி மாட்டாமலே முப்பரிமாணம் காட்டும் திரையிலிருந்து தையல்காரியின் உருவம் கத்தரிக்கோலோடு இறங்கி வந்தது. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டது. அப்போது மின்சாரம்கூட இல்லை.

திரை நிறுவனத்தின் இயக்குநருக்குத் தெரிந்த தொழில்நுட்பமெல்லாம், "இன்னும் கொஞ்சம் வெளிய வரணும்" என்ற ஒரே வாக்கியம். திரையை வடிவமைத்த பொறியாளர், மாதிரிப் படத்துக்குத் தன் அக்காவான தையல்காரியைக் கூப்பிட்டு, கத்தரிக்கோலை முன்னால் நீட்டச் சொல்லி எடுத்திருந்தார். விருந்தாளி வரும்போதெல்லாம் இயக்குநர் அதையே சொல்ல, பொறியாளர் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போனார். முதலில் கத்தரிக்கோல் வந்தது, பிறகு மணிக்கட்டு, தோள். பார்த்தவர்களுக்குக் கண் வலித்தது. ஆனாலும் இயக்குநர் எதிரில் ஒருவரும் கண்ணைக் கசக்கவில்லை. இதற்கு மேல் தாங்காது என்று பொறியாளர் எச்சரித்தபோது, தொலைநோக்கு இல்லாதவர் என்று கூட்டத்தில் வைத்துத் திட்டு வாங்கினார்.

தம்பி சொல்லியனுப்ப, தையல்காரி கடையைச் சாத்திவிட்டு வந்தாள். தன் முதுகை முதன்முறையாக நேரில் பார்த்தபோது, ரவிக்கையின் பின்கழுத்தைக் கோணலாக வெட்டியிருப்பது தெரிந்து சங்கடப்பட்டாள். மற்றபடி அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"சாப்பிட்டியாடி?"

"வருஷக்கணக்கா கையை நீட்டிக்கிட்டே நிக்கிறேன். யாரு போட்டா?"

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பொறியாளர் தம்பி அவளைச் சின்னக்கா என்றார். ஒரு வாரத்துக்குள் தெருவும் அப்படியே கூப்பிட்டது.

சின்னக்காவிடம் ஒரு குணம் உண்டு. நேர் எதிரே நின்று பார்த்தால் சரியாகத் தெரிவாள்; சற்றே விலகினால் இரண்டாகத் தெரிவாள். தெருக்காரர்கள் அதைக் கண்டுகொண்டு, நேராக நின்று பேசப் பழகிவிட்டார்கள்.

முதலீட்டாளர்கள் வருவதற்கு முந்தின நாள், லாரியில் திரையை ஏற்றிக்கொண்டு வழக்கறிஞரோடு இயக்குநர் தையல்காரி வீட்டுக்கு வந்தார்.

"மேடம், நீங்க எங்க நிறுவனத்தோட சொத்து. மரியாதையா உள்ள போங்க."

சின்னக்கா தையல்காரியின் தோளைப் பற்றினாள். "போனா ஆழத்தைக் குறைச்சு என்னைச் சப்பையாக்கிடுவாங்க, அக்கா. அப்புறம் வெளிய வரவே முடியாது."

"நீ எங்கயும் போகல. தைக்க வேண்டியது மலையாக் கெடக்கு."

"ஒப்பந்தத்துல கையெழுத்து இருக்கும்மா!" என்றார் இயக்குநர்.

"படம் எடுக்கத்தானே போட்டேன்? படம் உங்க பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும், போய்த் தேடுங்க. இவ என் கூடப் பொறந்தவ."

"எப்பப் பொறந்தாங்க?"

"நீங்க 'இன்னும் வெளிய, இன்னும் வெளிய'ன்னு கத்தினீங்களே, அப்ப!"

ஓரமாக நின்றிருந்த வழக்கறிஞருக்குச் சின்னக்கா இரண்டாகத் தெரிந்தாள். ஒப்பந்தத்தில் ஓர் உருவம்தான் குறிப்பிடப்பட்டிருக்கிறது, இதில் எதை எடுத்துப்போவது என்று அவர் குழம்பினார். பொறுமை இழந்த இயக்குநர், சின்னக்காவின் கையைப் பிடித்துத் திரைப் பக்கம் இழுத்தார். கத்தரிக்கோல் ஒருமுறை திறந்து மூடியது. அவருடைய டையின் கீழ்ப்பாதி தரையில் விழுந்தது. வழக்கறிஞர் சத்தமில்லாமல் தன் டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார்," என்றாள் சின்னக்கா.

அவர் வரவில்லை. லாரியும் திரும்ப வரவில்லை. இறக்கி வைத்த திரையை இரண்டு முக்காலிகள்மேல் படுக்கப்போட்டு, துணி வெட்டும் மேசையாக்கிக்கொண்டார்கள். நிறுவனம் அந்த ஆண்டே தட்டையான திரைகளுக்குத் திரும்பியது. அதையும் ஒரு புரட்சி என்றே அறிவித்தது. சின்னக்காவுக்கு மெல்ல நரை கண்டது. ஜன்னலோரம் யாருக்கு என்று சகோதரிகள் தினமும் சண்டை போட்டார்கள். இதிலெல்லாம் தெருவுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. ரெண்டு பேர் உட்கார்ந்து தைத்தும் சொன்ன தேதிக்கு ஒரு சட்டை வருவதில்லையே என்பதுதான் எல்லாருக்கும் குறை.